அரிசியா, பணமா?

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குத் திருச்சி என்றால் காவிரி, வாய்க்கால், வாழைத்தோப்பு. மணப்பாறை தாண்டி எங்கள் வையம்பட்டிக்கு வந்து பாருங்கள்: செம்மண், கடலை, சோளம். மழை பெய்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. நான் இந்த ஊர் மாப்பிள்ளை. பிறந்தது காரைக்கால், பள்ளிப் படிப்பு முழுக்க பிரெஞ்சில், பிழைப்பு மட்டும் தமிழ்நாட்டுத் தாலுகா ஆபீஸ்களில். (ரேஷன் என்பதே பிரெஞ்சுச் சொல்தான். எங்கள் வாத்தியார் 'ராசியோன்' என்று மூக்கால் சொல்லுவார்.)

2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அறிவித்தார்கள், நினைவிருக்கும். எங்கள் பக்கம் கிணறுகள் காய்ந்துவிட்டன. மாடுகளை மணப்பாறைச் சந்தைக்கு ஓட்டிப் போய், கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கயிற்றோடு திரும்பியவர்களைப் பார்த்தேன். ஆனால் அடுப்பு எரியாத வீடு ஒன்றையும் நான் பார்க்கவில்லை. என் மாமியார் சொன்ன பழைய பஞ்சக் கதைகளில் முதலில் அணைவது அடுப்புதான். நடுவில் வந்தது ரேஷன் கடை. 2008-இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம். பருப்பு 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய்.

"வசதியுள்ளவனுக்கு எதற்கு இலவச அரிசி?" என்று நம் பென்ஷனர் கூட்டத்திலேயே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 1997-இல் மத்திய அரசும் அப்படித்தான் யோசித்து, வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று அட்டைகளைப் பிரித்தது. தமிழ்நாடு அப்படிப் பிரிக்காமல் எல்லோருக்கும் என்றே வைத்துக்கொண்டது. அது சரி என்பது என் கட்சி. காரணம், கோடு போடும் மேஜையில் உட்கார்ந்தவன் நான். வருமானச் சான்று கேட்டு வருகிற கூலிக்காரருக்கு வருமானம் எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. ஒரு மாதம் வேலை இருக்கும், மறு மாதம் இருக்காது. எந்தத் தொகையை எழுதுவது? மனு எழுதத் தெரிந்தவனும் ஆள் பழக்கம் உள்ளவனும் கோட்டுக்குக் கீழே வந்துவிடுவான். வாசலில் தயங்கி நிற்பவர் வெளியே போய்விடுவார். தவிர, வாத்தியார் வீட்டு அட்டையும் அதே கடையில் இருந்தால்தான் எடை குறைந்தால் அதட்டிக் கேட்க ஆள் இருக்கும்.

காரைக்காலில் நடந்தது வேறு. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 2015 செப்டம்பரில் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை வந்தது. பிறகு ரேஷன் கடைகளே வருஷக்கணக்கில் மூடிக் கிடந்தன. 2024 தீபாவளியை ஒட்டித்தான் மறுபடி திறந்தார்கள். கணவரை இழந்த என் தங்கை அங்கே இருக்கிறாள். பணம் ஏறியதா என்று பார்க்க பேங்குக்கு நடையாய் நடந்தாள். வந்த பணம் மாத்திரைக்குப் போகும், கரண்ட் பில்லுக்குப் போகும், பேரன் கேட்டால் அவனுக்கும் போகும். மளிகைக் கடையில் அரிசி விலை ஏறினால் பேங்க் பணமும் கூடவா ஏறும்? ஒரு தடவை போனில் சொன்னாள்: "அண்ணே, அரிசி மூட்டைய யாரும் கைமாத்து கேக்க மாட்டாங்க. பணம்னா மோப்பம் புடிச்சுக்கிட்டு வந்துடறாங்க." பொருளாதாரம் படித்தவர்கள் பணம் கொடுத்தால் மக்களே விருப்பப்படி வாங்கிக்கொள்வார்கள் என்கிறார்கள். மாதக் கடைசியில் அவள் வீட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

நம் கடைகளில் குறை இல்லாமலில்லை. சில மாதம் அரிசியில் வாடை, நாலு தடவை கழுவ வேண்டியிருக்கிறது. ரேஷன் அரிசி கேரளாவுக்குக் கடத்தப்படுவதும், கோழித் தீவனமாவதும் பேப்பரில் அடிக்கடி வருகிற செய்திதான். நம் வயசுக்காரர்களுக்குக் கைரேகை வேறு தொல்லை. களையெடுத்தே ரேகை தேய்ந்த விரலை மெஷின் எப்படிக் கண்டுபிடிக்கும்?

2025 ஆகஸ்டில் வயதானவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வீட்டுக்கே ரேஷன் கொண்டுவரும் திட்டம் தொடங்கினார்கள். பெயர் தாயுமானவர், நம் மலைக்கோட்டைச் சாமி பெயர். எங்கள் தெருக்கோடியில் தனியாக இருக்கும் எண்பது தாண்டிய ஆத்தாவுக்கு அப்படித்தான் வருகிறது. வண்டி வரும் நாளில் காலையிலேயே திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். பையை வாங்கி வைக்கப் போனால் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, "தராசை இப்படித் திருப்பு தம்பி, முள்ளு எனக்குத் தெரியணும்" என்கிறார். அது எலக்ட்ரானிக் தராசு, முள்ளே கிடையாது. அந்தப் பையனும் திருப்பிக் காட்டுகிறான்.