பீர் தோட்டத்தில் காஞ்சிபுரம் இட்லி

என் மகன் மேற்படிப்பு முடித்து ஜெர்மனியில், மியூனிக் நகரத்தில் வேலையாக இருக்கிறான். "ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போம்மா" என்று இரண்டு வருஷமாக ஒரே நச்சரிப்பு. போன ஜூன் மாதம் நானும் என் கணவரும் புறப்பட்டோம். நான் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள். வடக்கே திருப்பதி, தெற்கே மதுரை, அவ்வளவுதான் அதுவரை என் பிரயாணம். பெட்டியில் புடவையைவிட மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம்தான் அதிகம் இருந்தது. "கடை வைக்கப் போறியா?" என்று இவர் கேலி செய்தார்.

நான் சுத்த சைவம். அந்த ஊரில் எதைத் தொட்டாலும் மாமிசம் என்று பயந்துகொண்டே போனேன். அப்படி ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை. 'பிரெட்செல்' என்று ஒரு ரொட்டி. கைமுறுக்குச் சுற்றும் நம் பாட்டிகள் பார்த்தால் சிரிப்பார்கள். மாவைக் கயிறு மாதிரி திரித்து முடிச்சுப் போட்டு, காரக் கரைசலில் முக்கி எடுத்து, கல் உப்பு தூவிச் சுடுகிறார்கள். மேலே பளபளவென்று பழுப்பு நிறம், உள்ளே பஞ்சு. 'க்னோடல்' என்பது உருளைக்கிழங்கை மசித்து உருண்டை பிடித்து வெந்நீரில் வேக வைப்பது. பூரணம் இல்லாத கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்களேன்! காளான் குழம்போடு சாப்பிட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது 'சவர்கிராட்'. முட்டைக்கோஸை மெல்லிசாக நறுக்கி, உப்புப் போட்டுப் பிசைந்து, மேலே கனம் வைத்து அமுக்கி விடுகிறார்கள். கோஸிலிருந்து விடும் தண்ணீரிலேயே அது ஊறி, சில வாரங்களில் புளிக்கிறது. வினிகர் ஒரு சொட்டுக்கூட இல்லை. நம் இட்லி மாவைப் புளிக்க வைக்கும் அதே வகைக் கிருமிகள்தான் அங்கேயும் வேலை செய்கின்றனவாம். அடடா, சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது.

ஒரு சனிக்கிழமை மகன், "நாளைக்கு பீர் தோட்டத்துக்குப் போகலாம்மா" என்றான். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது.

காரணம் இருக்கிறது, சகோதரிகளே. என் அப்பா பட்டு நெசவில் கெட்டிக்காரர். கோர்வைப் புடவையில் அவர் கைக்கு நிகர் எங்கள் தெருவில் கிடையாது. ஆனால் கூலி வாங்கும் நாளன்று சாராயக் கடைக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவார். முதலில் அம்மாவின் தோடு போனது. பிறகு தறியே போனது. நான் பத்தாவது படிக்கும்போது ஈரல் கெட்டு அவரும் போய்விட்டார். என் படிப்பும் அதோடு நின்றது. "தாத்தா காமாலையில் போனார்" என்றுதான் மகனிடம் சொல்லி வைத்திருந்தேன்.

"குடும்பத்தோட போற இடம்மா. நம்ம சாப்பாட்டை நாமே எடுத்துட்டுப் போகலாம்" என்றான். அதை நம்பித்தான் அன்றைக்கே அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டேன். மாவை 'அவன்' அடுப்புக்குள் வைத்து, சூடு போடாமல் விளக்கை மட்டும் எரியவிட்டேன். காலையில் பொங்கி நின்றது! மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து டம்ளர்களில் ஊற்றி வேகவைத்தேன். வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லியின் மந்தாரை இலை வாசம் மட்டும்தான் இல்லை.

அங்கே போனால் ஒரே திருவிழாக் கூட்டம். பெரிய பெரிய செஸ்ட்நட் மரங்கள், கீழே சரளைக் கல், நீள நீள மர பெஞ்சுகள். பாட்டிகள், கைக்குழந்தைகள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் காலத்தில் கோடையில் பீர் கெடாமல் இருக்க நிலவறை தோண்டி வைத்து, வெயில் படாமலிருக்க மேலே இந்த மரங்களை நட்டார்களாம். நிழலுக்கு ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். 1812ல் பவேரியா ராஜா, அங்கேயே பீர் விற்கலாம், ஆனால் ரொட்டி தவிர வேறு ஆகாரம் விற்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். அதனால் வந்ததுதான் சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டு வரும் வழக்கம். பார்லி, தண்ணீர், ஹாப்ஸ் என்ற கொடியின் கசப்புப் பூ, இவை தவிர பீரில் வேறொன்றும் சேர்க்கக்கூடாது என்று 1516லேயே சட்டம் போட்ட ஊர் அது.

நான் இட்லி டப்பாவைத் திறக்கும்போது மகனோடு வேலை பார்க்கும் பையன் ஒருவன் வந்தான். கையில் இரண்டு பெரிய கண்ணாடிக் குவளை, ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் பீர். வழக்கம்போல ஒன்றை என் மகன் முன்னால் வைத்தான். மகன் முகம் சுண்டிப் போயிற்று. இவர் மரத்தை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்.

கத்தலாமா, அழலாமா என்று தெரியவில்லை. இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டே, "உங்க தாத்தா காமாலையில் போகலைடா" என்று ஆரம்பித்தேன். தோடு, தறி, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது வருஷமாகச் சொல்லாததை முன்பின் தெரியாத ஊரில் சொல்லி முடித்தேன். குவளையை நண்பனிடம் தள்ளிவிட்டு, ஆப்பிள் ஜூஸும் சோடாவும் கலந்த பானம் வாங்கி வந்தான். மது இல்லாத பானம் ஒன்றாவது மிக மலிவான மதுவைவிட விலை கூடாமல் இருக்க வேண்டும் என்று அங்கே சட்டமாம். நல்ல சட்டம்!

அன்றிரவு, "மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை குடிப்பேன்மா. மறைச்சது தப்பு" என்றான். நான் தலையில் அடித்துச் சத்தியம் கேட்கவில்லை. "நானும்தான் மறைச்சேன். குடிக்கு அடிமையாகிறது பரம்பரையாவும் வரும்னு டாக்டருங்க சொல்றாங்க. மத்த பிள்ளைங்களைவிட நீ ஜாக்கிரதையா இருக்கணும்" என்றேன். மதுவில் ஆபத்தில்லாத அளவு என்று எதுவுமே கிடையாது என 2023ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதையும் அவனே கைபேசியில் தேடிப் படித்தான்.

இனிமேல் அவன் தொடவே மாட்டானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் என்னிடம் மறைக்க மாட்டான். வீட்டில் நடந்த கஷ்டத்தைப் பிள்ளைகளிடம் சொல்ல நாம் வெட்கப்படுகிறோம். சொல்லாமல் விட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்த ஜெர்மன் பையன் நான்கு இட்லி சாப்பிட்டான். சுக்குக் காரத்தில் கண்ணில் தண்ணீர் வர, ஐந்தாவதற்கும் கையை நீட்டினான்!