கொக்கைனை நிறுத்த மாத்திரை இருக்கா? - அம்மா கேட்ட கேள்வியும் ஹெச்.ஐ.வி-யும்!

2025 ஜூனில் சென்னையில் கொக்கைன் வழக்கில் நடிகர்கள் கைதானபோது, எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் அப்டேட் மேல் அப்டேட். ராத்திரி வீட்டுக்குப் போனால் அம்மா, "ஏன்டி, குடியை நிறுத்த மாத்திரை தர்றாங்கல்ல... இதுக்கு அப்படி ஒண்ணும் கிடையாதா?" என்றார். நல்ல கேள்வி. தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கிடையாது. கொக்கைன் அடிமைத்தனத்துக்கென அமெரிக்காவின் எஃப்.டி.ஏ இதுவரை ஒரு மருந்தைக்கூட அங்கீகரிக்கவில்லை. குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிராமையே இதற்கும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். உறுதியான பலன் இல்லை. மனநல சிகிச்சையும் கவுன்சலிங்கும்தான் இப்போதைக்கு.

படிக்கப் படிக்க இன்னொரு சிக்கலும் தெரிந்தது. ஹெச்.ஐ.வி! மூளையில் சுரக்கும் டோபமைன், வேலை முடிந்ததும் திரும்ப உறிஞ்சப்பட வேண்டும். அந்த வாசலைத்தான் கொக்கைன் அடைக்கிறது. ஹெச்.ஐ.வி வெளியிடும் 'டாட்' என்ற புரதமும் அதே வாசலில்தான் கை வைக்கிறது. டாட் சுரக்கும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளிடம் கொக்கைனின் ஈர்ப்பு கூடுதலாக இருந்தது. எலியும் மனிதனும் ஒன்றல்ல, சரி. ஆனால், ஏ.ஆர்.டி மாத்திரைகள் வைரஸ் பெருகுவதைத்தான் தடுக்கும். டாட் உருவாவதை முழுசாகத் தடுக்காது. நாளைக்கே கொக்கைனுக்கு மருந்து வந்தாலும், ஹெச்.ஐ.வி உள்ளவர்களிடம் அது எப்படி வேலை செய்கிறது என்று தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கும்.

மருந்தும் மருந்தும் மோதுவது தனிக்கதை. ஹெராயினை விடுவதற்குத் தரும் மெத்தடோனின் அளவை, எஃபாவிரென்ஸ் என்ற ஹெச்.ஐ.வி மாத்திரை ரத்தத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிடும். உடம்புவலி, வியர்வை, தூக்கமின்மை எல்லாம் திரும்ப வரும். வீட்டில் இருப்பவர்களோ, 'மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்' என்பார்கள். பாவம், அவர் மாத்திரையை ஒழுங்காகத்தான் போட்டிருப்பார்! இப்போது பரவலாகத் தரப்படும் டொலுடெக்ராவிரில் இந்தத் தொல்லை இல்லை. லோப்பினவிர்-ரிட்டோனவிர் சிரப்பில் ஆல்கஹால் உண்டு; டைசல்ஃபிராம் சாப்பிடுபவருக்கு அதைக் கொடுத்தால் வாந்தி, படபடப்பு வரலாம்.

ஆக, இரண்டு டாக்டர்களுக்கும் இரண்டு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். நடப்பது என்ன? ஏ.ஆர்.டி மையத்தில் போதைப் பழக்கத்தைச் சொல்ல வெட்கம். போதை மறுவாழ்வு மையத்தில் ஹெச்.ஐ.வி-யைச் சொல்ல பயம். அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. நம் ஊர் பேச்சு அப்படி. ஆனால், சம்மதம் இல்லாமல் ஒருவரின் ஹெச்.ஐ.வி நிலையை வெளியே சொல்வதையும், அதை வைத்து சிகிச்சையை மறுப்பதையும் 2017-ம் ஆண்டின் ஹெச்.ஐ.வி, எய்ட்ஸ் சட்டம் தடை செய்கிறது. போதை மீட்புக்கு 14446, ஹெச்.ஐ.வி தொடர்பான சந்தேகங்களுக்கு 1097. இரண்டுமே கட்டணமில்லா எண்கள்.