தலைமையாசிரியரான வில்லன்

அமெரிக்கச் சித்திரக்கதை இதழ்களைச் சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்கும் ஆசிரியர் பலர். அவ்விதழ்களின் இறுதிப் பக்கங்களில் வெளிவந்த வாசகர் கடிதங்களைப் படித்திருந்தால் அவர்கள் அத்துணை எளிதில் ஒதுக்கியிரார். 1961ஆம் ஆண்டளவில் கடிதம் எழுதியோரின் முழு முகவரியும் அச்சாகத் தொடங்கியது. வாசகர்கள் ஒருவரையொருவர் அறிந்தனர். தமக்குள்ளே மடல் எழுதி வாதிட்டனர். அவ்வாண்டில் ‘ஆல்டர் ஈகோ’ என்னும் சிற்றிதழைத் தொடங்கிய ஜெர்ரி பெயில்ஸ், டெட்ராய்ட் நகரில் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவருக்குத் துணைநின்ற ராய் தாமஸ் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர். 1965இல் மார்வெல் நிறுவனத்தில் சேர்ந்து வீரர் குழுக்களின் கதைகளைத் தாமே எழுதும் நிலைக்கு உயர்ந்தவர். ஆக, இந்த வாதங்களை வளர்த்தோரில் ஆசிரியர்களும் இருந்தனர்.

அவ்வாதங்களுள் இரண்டு இன்றுவரை ஓயவில்லை. வில்லன் திருந்தலாமா என்பது ஒன்று. பல்லாண்டு நடந்த கதையைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாமா என்பது மற்றொன்று. இவை இரண்டும் ஒரே வினாவின் இரு முகங்கள் என்பதைக் காட்டுபவன், எக்ஸ்-மென் கதைகளில் வரும் மேக்னீட்டோ.

1963இல் ஸ்டான் லீயும் ஜேக் கிர்பியும் படைத்த முதல் இதழிலேயே அவன் வந்துவிட்டான். பிறவியிலேயே விந்தையான ஆற்றல் பெற்ற மாணவர்களைப் பேராசிரியர் சேவியர் தம் பள்ளியில் பயிற்றுகிறார். காந்த ஆற்றல் கொண்ட மேக்னீட்டோவோ உலகை ஆளப் புறப்படுகிறான். ஏன் ஆளவேண்டும்? அதற்குத் தக்க விடை இல்லை. தலைக்கவசம் இருந்தது, ஆணவப் பேச்சு இருந்தது, வாழ்க்கை வரலாறு இல்லை. கூத்தில் அரக்கன் வருவதுபோல் வந்தான், அடிபட்டான், மீண்டும் வந்தான். 1974இல் வேறொரு குழுவின் கதையில் அவனைக் கைக்குழந்தையாகவே மாற்றிவிட்டனர்! 1977இல் மீண்டும் வாலிபனாக்கினர். வில்லனை என்ன செய்வதென்று தெரியாத எழுத்தாளர் செய்த வேலை என்றே எண்ணத் தோன்றும்.

1975 முதல் 1991 வரை எக்ஸ்-மென் கதையைத் தொடர்ந்து எழுதியவர் கிறிஸ் கிளேர்மாண்ட். 1981இல் வெளிவந்த 150ஆம் இதழில், தன்னை எதிர்த்த கிட்டி என்னும் யூதச் சிறுமியை மேக்னீட்டோ வீழ்த்துகிறான். வீழ்த்தியபின் முகத்தைப் பார்க்கிறான், குழந்தை. அவள் இறந்தாள் என்றே எண்ணி நடுங்குகிறான். அப்போதுதான் அவன் இளமையில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கிடந்தவன் என்பது வாசகருக்குப் புலனாகிறது. எவரை வெறுத்து வாழ்ந்தானோ, அவர் செய்ததையே தானும் செய்துவிட்டதாக அவன் உணரும் அந்தப் பக்கத்துக்குப் பிறகு, பழைய தலைக்கவச அரக்கனைப் படிப்பது எப்படி?

1985இல் வந்த 200ஆம் இதழில் பாரிஸ் நகரில் அவன் மீது வழக்கு நடக்கிறது. நீதிமன்றம் ஒரு நுணுக்கமான முடிவை எடுக்கிறது: குழந்தையாகி மறுபடி வளர்ந்தவன் ஆதலால், அதற்கு முந்திய குற்றங்களை அவன்மேல் சுமத்துதல் கூடாது. அந்தப் பழைய குழந்தைக் கதைக்கு இப்படி ஒரு பயன்! கதையை மறுதொடக்கம் செய்தல் என்பது கதைக்குள்ளேயே சட்டப் பொருளாகிவிட்டது. தீர்ப்பு வருமுன் கலவரம் மூள்கிறது. உயிர் ஊசலாடும் நிலையில் சேவியர் தம் பள்ளியை நெடுநாள் பகைவனிடமே ஒப்படைக்கிறார். மேக்னீட்டோ தலைமையாசிரியர் ஆகிறார். தமிழில் எழுதுவோர் இவ்விடத்தில் ‘அவன்’ என்பதை ‘அவர்’ என்று மாற்றியே ஆகவேண்டும். ஆங்கிலத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

அவர் நல்ல தலைமையாசிரியராக விளங்கினாரா என்றால், இல்லை. பழைய பகைவரை மாணவர் நம்ப மறுத்தனர். அவர்களைக் காக்கும் கவலையில் தகாதாருடன் கூட்டுச் சேர்ந்தார். 1988இல் டக் ராம்சி என்னும் மாணவன், அவர் அறியாமல் பள்ளியை விட்டுச் சென்ற இடத்தில் மாண்டான். அடுத்த ஆண்டில் எஞ்சியோர் அவரை விட்டே விலகினர். நெடிய இத்தொடரில் இப்பகுதிக்கு ஈடானவை மிகச் சிலவே. மனம் திருந்திய ஒருவர் மறுநாளே பள்ளி நடத்தும் திறம் பெற்றுவிடுவார் என்று பொய் சொல்லாத கதை இது. கோபம், காவல் உணர்வு, தோல்வி எல்லாம் ஒரே மனிதரிடம் நிற்கின்றன.

பிறகு வந்தது 1991. எக்ஸ்-மென் பெயரில் புதிய இதழ், எண் 1 என்று போட்டு வெளிவந்தது. 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் போயின. அதில் மேக்னீட்டோ மீண்டும் வில்லன். அதனினும் பெரிய இடி ஒன்று இருந்தது. அவர் குழந்தையாய் இருந்தபோது மொய்ரா என்னும் விஞ்ஞானி, கொடுமை குறையுமாறு அவர் உடலியல்பை மாற்றியிருந்தாளாம். அப்படியானால் அவர் திருந்தியது திருத்தமே இல்லையா? சிறுமியின் முகம் கண்டு நடுங்கியது, பள்ளியை ஏற்றது, எல்லாம் தொட்டிலில் இட்ட மருந்தின் வேலையா? கல்வியாலும் துன்பத்தாலும் மனிதன் மாறுவான் என்று நம்பிப் படித்தவர்க்கு இதைவிடப் பெரிய ஏமாற்றம் வேண்டியதில்லை. நல்லவேளையாக மூன்றாம் இதழில் விடை கிடைத்தது: ஆற்றலைப் பயன்படுத்தியவுடன் அம்மாற்றம் அழிந்துபோகும், ஆகவே செய்த நன்மையும் தீமையும் அவருடையவையே. அவ்விதழோடு கிளேர்மாண்ட் விலகினார்.

மறுதொடக்கம் வேண்டுவோர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. வலிய பகைவன் இன்றேல் வீரர் குழுவுக்கு வேலை இல்லை. இன்று பன்னிரண்டு வயதில் முதல் இதழை வாங்கும் சிறுவன் அறுபதாண்டுக் கதையைக் கற்றுவிட்டுத்தான் வரவேண்டுமா? இக்கவலையால்தான் டிசி நிறுவனம் 1985-86இல் பன்னிரண்டு இதழ்க் கதையொன்றால் தன் பல உலகங்களை ஒன்றாக்கியது. 2011இல் 52 இதழ்களை எண் 1இலிருந்து தொடங்கியது. மார்வெலும் 1996இல் அவெஞ்சர்ஸ் குழுவைப் புதிதாகத் தொடங்கிப் பார்த்து, ஓராண்டில் பழைய வழிக்கே திரும்பியது.

ஆயினும் மறுகூறல் வேறு, துடைத்தல் வேறு. புலவர் குழந்தை 1946இல் இராவணனைத் தலைவனாக்கிக் காவியம் இயற்றினார். அதற்காகக் கம்பன் கவி இல்லையென்று ஆகிவிடவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துக் கற்கலாம். நிறுவனம் நடத்தும் மறுதொடக்கமோ, வாசகன் படித்தது நடக்கவே இல்லை என்கிறது. உடையை மாற்றட்டும், ஊரை மாற்றட்டும். ஒருவர் வருந்தித் திருந்தியதை நடவாதது என்று சொல்ல எண் 1 போட்ட அட்டை போதாது.

மேக்னீட்டோவுக்கு இன்னொரு காவலும் உண்டு. இரும்பு மனிதன் முதலில் காயமுற்றது வியட்நாமில். காலம் நகர நகர அக்காயத்தைப் பின்னாளில் ஆப்கானிஸ்தானுக்கு நகர்த்தினர். ஆஷ்விட்சை நகர்த்த முடியாது. 2008இல் தொடங்கிய ஐந்து இதழ்த் தொடரொன்று அவர் சிறுவயதை நாஜி ஜெர்மனியில் வைத்தே கூறுகிறது. அதில் தலைக்கவசம் இல்லை. பறக்கும் சாகசம் இல்லை. நூலாக வந்தபோது ஆசிரியர்க்கான பாடக் குறிப்பும் சேர்க்கப்பட்டது. ஆனால் 1930களில் பள்ளிச் சிறுவனாய் இருந்தவர்க்கு இன்று வயது நூற்றை நெருங்க வேண்டுமே, இன்னும் எப்படிப் போர் புரிகிறார் என்று சிலர் கேட்கின்றனர். கணக்கில் வல்ல வாசகர் விடையை ஆயத்தமாக வைத்துள்ளனர்: 1974இல் குழந்தையாகி, 1977இல் வாலிபனாகி எழுந்தவர், அந்த உடலுக்கு அவ்வளவு வயது ஆகவில்லை.