விட்டுப்போன நாட்களின் கணக்கு

உறங்காத இயந்திரங்களுக்காக எழுதப்பட்ட நிரல் கிரான். 1979இல் வெளிவந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பிலேயே அது இருந்தது. ஆய்வகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் இரவுபகலாக ஓடிய கணினிகளே அன்று அதன் உலகம். குறித்த நிமிடம் வரும். குறித்த வேலை நடக்கும். அந்நிமிடத்தில் கணினி அணைந்திருந்தால் வேலை நடக்காது. நடக்கவில்லை என்ற நினைவும் அதற்கு இராது.

எங்கள் வீட்டுக் கணினிக்கோ அணைந்திருப்பதே இயல்பு. வார இறுதியில்தான் அது உயிர்பெறும். வேலை முடிந்ததும் சுவரிலுள்ள சுவிட்சையும் அணைத்தாக வேண்டும் என்பது அம்மா விதித்த ஒழுங்கு. இடி இடித்தால் பிளக்கையே பிடுங்கிவிடுவார்.

இத்தகைய கணினிகளுக்கென்றே வந்தது அனாக்ரான். அது மணியைக் கணக்கில் கொள்வதில்லை. நாளை மட்டுமே பார்க்கிறது. ஒவ்வொரு வேலையும் கடைசியாக நடந்த தேதியைச் சிறு கோப்பில் குறித்து வைக்கிறது. கணினி விழித்ததும் அதைப் பார்த்து, கெடு கடந்திருந்தால் சற்றுப் பொறுத்து வேலையைத் தொடங்குகிறது. டெபியனின் வழக்கமான அமைப்பில் தினசரி வேலைக்கு 5 நிமிடம், வாராந்திர வேலைக்கு 10, மாதாந்திர வேலைக்கு 15. வேலை முடிந்த பிறகே தேதியை எழுதும் என்பதால், நடுவே மின்சாரம் போனாலும் அடுத்த முறை மீண்டும் முயலும்.

ஏழு நாள் விட்டுப்போனால் ஏழு முறை செய்யாது, ஒரே முறைதான். ஆண்டு முழுதும் அமாவாசைத் தர்ப்பணம் தவறியவர் மகாளய அமாவாசையன்று செய்தால் போதும் என்று பெரியோர் சொல்வதிலுள்ள அதே பரிவு இதிலும் இருக்கிறது. இன்று பல லினக்ஸ் கணினிகளில் இப்பணியை ஏற்றிருக்கும் சிஸ்டம்டி டைமர்களும், 'பெர்சிஸ்டன்ட்' என்று குறித்துவிட்டால், அவ்வாறே ஒருமுறை மட்டும் ஈடுசெய்கின்றன.

அது நியாயமும்கூட. அம்மா தம் இளமைக் கதைகளைச் சொல்ல, நாங்கள் தட்டச்சு செய்துவருகிறோம். கணினியைப் போட்டதும் முந்தைய வாரம் எழுதியது இன்னொரு வட்டில் நகலாகிவிடுகிறது. அணைந்திருந்த நாட்களில் கோப்பு மாறுவதில்லை. ஆகவே ஒரு நகலே போதும்.

ஆனால் அம்மா அணைந்திருப்பதில்லை. செவ்வாயன்று கீரை ஆய்ந்துகொண்டே, மாமா நிலத்தை விற்றது குடித்ததால்தான் என்றார். சனிக்கிழமை கணினி முன் அமர்ந்தபோது, தங்கையின் கல்யாணத்துக்காக விற்றார் என்றார். சேமிப்பில் இருப்பது சனிக்கிழமையின் மாமா. செவ்வாய்க்கிழமை சொன்னதை நினைவூட்டினோம். "அன்னைக்குச் சொன்னது அன்னைக்கு" என்று முடித்துவிட்டார்.

அம்மாவுக்கு இப்போது எண்பது. ஒரே கதையை இன்னும் எத்தனை விதமாகச் சொல்வார் என்பதை எந்தக் கெடுவைக் கொண்டும் கணக்கிட முடியாது. அடுக்களை அலமாரியில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். கேட்பதைத் தேதியிட்டு எழுதுகிறோம். வெற்றாகக் கிடக்கும் தேதிகள் அதிலும் உண்டு. அவற்றை ஈடுசெய்யும் நிரல் எதுவும் இல்லை.