ஹெரால்டும் எழுபது வளைவுகளும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறினால்தான் மலைமேல் இருக்கும் எங்கள் அரியூர் நாட்டுக்கு வந்து சேரலாம். இந்தச் சாலை ஜீப்புகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் பழகியது. மிளகும் அன்னாசியும் பலாவும் இதில்தான் இறங்குகின்றன. சிமென்ட்டும் அரிசியும் இதில்தான் ஏறுகின்றன. அரை நூற்றாண்டைத் தாண்டிய ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை வாங்கி நான் இங்கே கொண்டுவந்தபோது ஊரில் பலர் கேட்டது ஒன்றுதான்: "இது மலை தாங்குமா?" நல்ல கேள்வி. அதற்கு விடை தேடித்தான் இந்தக் காரை நான் படித்தேன்.

ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் பெயரில் வந்தது. உருவம் கொடுத்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலாட்டி. 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் அதை நம் நாட்டில் தயாரித்தது. பார்த்தால் குடும்பக் கார். ஆனால் அடியில் இருப்பது தனிச் சட்டம், அதாவது சேசிஸ். அந்தச் சட்டத்தின் நீளத்தைக் குறைத்துத்தான் 1962-இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற விளையாட்டுக் காரை உருவாக்கினார்கள். முன் சஸ்பென்ஷன், கியர்பெட்டி, எஞ்சின் வம்சம் எல்லாம் ஒன்றே. விளையாட்டுக் கார் என்று எதுவும் தயாராகாத அந்தக் கால இந்தியாவில், சோழவரம் ஓடுதளப் பந்தயங்களில் இளைஞர்கள் ஹெரால்டைப் பிரித்து மேய்ந்து ஓட்டியதற்குக் காரணம் இருக்கிறது.

பழைய காரை வாங்கியவனுக்கு முதல் மாதத்திலேயே ஆசைகள் வரிசை கட்டும். இரட்டை கார்புரேட்டர், உறுமும் சைலன்சர், அகல டயர், தாழ்ந்த நிற்பு. எனக்கும் அத்தனையும் வேண்டும். ஆனால் மலைச்சாலைக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் நிற்க வேண்டும், அப்புறம் திரும்ப வேண்டும், அப்புறம் சூடாகாமல் இருக்க வேண்டும். இழுவை கடைசி. நாற்பது குதிரைத்திறனை எட்டாத 948 சிசி எஞ்சின் இரண்டாம் கியரில் நிதானமாக இந்த மலையை ஏறிவிடுகிறது. ஏறியதை இறக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது.

திரும்புவதில் ஹெரால்டுக்கு நிகர் இல்லை. அதன் திருப்பு வட்டம் 25 அடிதான். பெரிய கார்கள் பின்வாங்கி எடுக்கும் வளைவிலும் இது ஒரே வீச்சில் திரும்பிவிடும். அகல டயர் போட்டால் முழுத் திருப்பத்தில் அது உள்பக்கம் உரசும். காரின் மிகச் சிறந்த குணத்தைக் காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்வது அது. அதனால் அந்த ஆசையை முதலில் கைவிட்டேன்.

இந்தத் திருப்பத்துக்கு உயிர் கொடுப்பது டிரனியன் என்ற சிறிய உறுப்பு. முன் சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருப்பார்கள். அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் முடுக்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சக்கரம் சுழல்கிறது. அதற்குப் போட வேண்டியது கிரீஸ் அல்ல, 90-ஆம் எண் கியர் ஆயில். கிரீஸ் மரையின் இடுக்குகளுக்குள் இறங்காமல் இறுகிவிடும், தண்ணீர் புகும், எஃகு உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும், ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். நம் பட்டறைகளில் நிப்பிளைக் கண்டால் கை தானாகக் கிரீஸ் கன்னைத் தேடும். நான் தனியாக ஒரு கன் வாங்கி, அதில் கியர் ஆயிலை நிரப்பி வைத்திருக்கிறேன். அழுத்த அழுத்த, முதலில் கருப்புச் சேறு கசியும், பிறகு பழுப்பு, கடைசியில் தேன் நிறத்தில் தெளிந்த எண்ணெய் வரும். அது வரும்வரை விடக்கூடாது. ஹெரால்டின் பானட் முன்பக்கமாக முழுதாகக் கவிழ்ந்து திறக்கும் என்பதால், முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து இதையெல்லாம் கண்ணால் பார்த்துச் செய்யலாம்.

அடுத்தது பிரேக். உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் இறக்கம். காரின் எடை அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும் ஆற்றல் முழுவதும் எங்காவது வெப்பமாக மாறியாக வேண்டும். மிதித்துக்கொண்டே இறங்கினால் அது டிரம்மில் சேரும். பிரேக் ஆயிலோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிய டாட் 3 ஆயில் கொதிக்க 205 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஈரம் சேர்ந்தால் 140 டிகிரியே போதும். கொதித்தால் குழாயில் ஆவி, பெடல் பஞ்சாகிவிடும். மழைக்கும் பனிக்கும் குறைவில்லாத எங்கள் மலையில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது கட்டாயம். மற்றபடி, நாமக்கல் லாரி ஓட்டுநர்களின் பாடம் போதும்: "ஏறுன கியர்லயே எறங்குங்க தம்பி." ஹெரால்டின் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது என்பதால், ஓட்டத்தில் அதைப் போட டபுள் கிளட்ச் தெரிய வேண்டும். அதையும் அவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.

இரு சக்கரமும் தனித்தனியே ஆடும் பின் அச்சு இந்தக் காரின் வில்லங்கம். வளைவில் வேகமாகப் போய் திடீரென ஆக்ஸிலரேட்டரை விட்டால், பின்பாகம் எழும்பி வெளிச்சக்கரம் உள்நோக்கி மடியப் பார்க்கும். நம் ஊர் மெக்கானிக்குகளுக்கும் உரிமையாளர்களுக்கும் இந்த அமைப்பு ஒத்துவரவில்லை. அதனால் 1972-இல் வந்த கெஸல் காரில் ஸ்டாண்டர்டு நிறுவனமே ஒற்றை இறுகிய அச்சுக்கு மாறிவிட்டது. நான் அச்சை மாற்றவில்லை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் சீராக மிதித்து ஓட்டுகிறேன். காரின் குணத்துக்கு ஓட்டுபவன் இசைந்து போவதும் ஒரு பராமரிப்புதான்.

மாற்றங்களே செய்யவில்லையா? செய்தேன். பாயிண்ட் செட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன், ரேடியேட்டருக்கு ஒரு மின்விசிறி, முகப்பு விளக்குகளுக்கு ரிலே, சீட் பெல்ட். பெட்ரோலில் இப்போது 20 சதவீத எத்தனால் கலப்பதால், பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப்பின் டயாபிரமையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றினேன். தேய்ந்த புஷ்களை நாமக்கல் லேத் பட்டறை ஒன்று அளவு பிசகாமல் கடைந்து தந்தது. லாரி கட்டும் ஊர் பக்கத்தில் இருப்பது பழைய கார்க்காரனுக்குப் பெரிய பேறு. எல்லாவற்றிலும் ஒரே விதி: சட்டத்தில் வெட்டு கூடாது, வெல்டிங் கூடாது, கழற்றிய பாகம் துணி சுற்றி, பெயர் எழுதி, பெட்டிக்குப் போக வேண்டும்.

2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்து, சட்டமும் பாடியும் எஞ்சினும் பெரிதாக மாறாத வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது. எனக்கு இந்தக் கார் சோளக்காட்டுச் சந்தைக்குப் போய்வர வேண்டும்; அதனால் இப்போதைக்குச் சாதாரணப் பதிவே போதும். ஆனால் எனக்குப் பிறகு வருபவர் வேறுவிதமாக நினைக்கலாம். அந்த வழியை அடைக்க எனக்கு உரிமை இல்லை.

பழைய கார் ஒன்றை இன்று வாங்குகிறவருக்கு நான் சொல்வது இதுதான். முதல் ஆண்டுப் பணத்தைப் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் குளிரூட்டலுக்கும் கொடுங்கள். உருவாக்கியவர்கள் நினைத்தபடி அந்தக் கார் ஒருமுறையாவது ஓடட்டும். அதை ஓட்டிப் பார்த்த பிறகும் இரட்டை கார்புரேட்டர் வேண்டும் என்று தோன்றினால், தயங்காமல் போடுங்கள். எதற்காகப் போடுகிறீர்கள் என்று அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.