கொழுந்துக்குக் கிடைத்த ஜன்னல்

நகரக் கட்டடங்களுக்குள் இயற்கையைக் கொண்டுவருவது பற்றிக் கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு நடக்கிறது. அதன் நிர்வாகம் என் பொறுப்பு. ஈரப்பதம் அளக்கும் கருவி, கரியமில வாயு அளக்கும் கருவி, சுவரில் செடி வளர்க்கும் சட்டம், கணக்குப் பார்க்க மாணவர்கள் என்று முன்மொழிவில் எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்கியிருந்தார்கள். விடுமுறையில் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது, காலையில் ஜன்னலை யார் திறப்பது என்பதற்கு மட்டும் ஒரு வரியும் இல்லை. மேல்வரிசைப் பன்னங்கள் கருகிய பிறகுதான் ஒரு தோட்டக்காரரை அமர்த்தினோம். அவர் ஜன்னலைத் திறந்து காற்றுப் பார்ப்பதைக் காணும்போதெல்லாம் எனக்குத் தாத்தா நினைவுக்கு வருகிறார்.

தாத்தாவுக்கு அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் ஸ்டோரு வேலை. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் சனம் ஸ்டோரு என்றுதான் சொல்லும். கீழே ரோலரும் அடுப்பும். மேல்மாடிகள் முழுக்கக் கொழுந்து வாட்டும் தட்டுகள். சாக்குத் துணியை இழுத்துக் கட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். கொழுந்தை அதில் மெல்லிசாகப் பரப்ப வேண்டும், குவிந்தால் சூடேறிச் சிவந்துபோகும். மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அது நிதானமாக வற்றினால்தான் ரோலரில் போடலாம். அதற்காகவே மாடியின் பக்கமெல்லாம் வரிசை வரிசையாக ஜன்னல்.

அந்த ஜன்னல்கள்தான் தாத்தாவின் உலகம். பனி ஏறும் பக்கத்தை அடைப்பார், காய்ந்த காற்று வரும் பக்கத்தைத் திறப்பார். தென்மேற்கு மழை அட்டனை மூடிக்கொள்ளும் நாட்களில் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, அடுப்புச் சூட்டை விசிறியால் மாடிக்கு இழுப்பார்கள். நடுச்சாமத்தில் எழுந்துபோய் ஒரு பிடி கொழுந்தை அள்ளி இறுக்கிப் பார்ப்பார். கையை விரித்ததும் படக்கென்று பிரிந்தால் இன்னும் வாட வேண்டும், காம்பு ஒடிந்தாலும் அப்படித்தான். உருண்டை அப்படியே நின்று பிறகு மெல்ல அவிழ்ந்தால் பதம். நான் சின்னவனாய் ஒருமுறை சோறு கொண்டுபோனபோது என் உள்ளங்கையிலும் ஒரு பிடி வைத்து மூடினார். ஈரமும் குளிர்ச்சியுமாக, வெட்டிய புல்லும் பழமும் கலந்த வாசம். இன்று எந்தக் கருவியின் எண்ணைப் பார்த்தாலும் அந்தப் பிடியை நினைத்துத்தான் சரிபார்க்கிறேன்.

அப்படிக் கொழுந்துக்குக் காற்றுப் பார்த்தவர் இறங்கிவந்து படுத்தது 10க்கு 12 அடிக் காம்பராவில். இரட்டை லயம், தொழிலாளர் வரிசைவீடு. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியது. பின்சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் படுத்திருக்கும்போது பின்ஜன்னலுக்கு ஏது வழி? அடுப்புப் புகை சுற்றிச் சுற்றிக் கூரைத் தகரத்தைக் கறுப்பாக்கியது. சுவரடியில் பாசி, பாயில் ஈரம், அப்பாயிக்கு ஓயாத இருமல். கொழுந்து கெட்டால் விலை இறங்கும் என்று துரைமாருக்குத் தெரிந்தது. ஒரே தோட்டத்தில், ஒரே காலத்தில், காற்றோட்டம் என்றால் என்னவென்று நன்றாக அறிந்தவர்கள்தான் இரண்டையும் கட்டினார்கள். அதை என்னால் ஆறப்போட முடியவில்லை.

ஜன்னல் பற்றி எங்கள் துறையில் அதிகம் எடுத்துக்காட்டப்படும் ஆய்வுகளில் ஒன்று ரோஜர் உல்ரிச் 1984இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதியது. பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேர். பாதிப்பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப்பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துக் கிடந்தவர்கள் ஏறக்குறைய ஒரு நாள் முன்பாகவே வீடு திரும்பினார்கள், கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே வேண்டியிருந்தது. உல்ரிச் அறைக்குள் ஒரு தொட்டிச்செடிகூட வைக்கவில்லை. ஜன்னலும் அதற்கு வெளியே மரமும், அவ்வளவுதான்.

ராஜகிரியவில் மாடிக்கு மாடி மரம் வளர்க்கும் 46 மாடிக் குடியிருப்பைப் பார்க்க மாணவர்களை அழைத்துப்போனோம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களை அதற்கு முன்னால் கந்தப்பளைக்குக் கூட்டிப்போயிருக்கலாம். அங்கே ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோரு 1996இல் ஹோட்டலாகத் திறந்தது. கொழுந்து வாட்டிய மாடிகளில்தான் இப்போது விருந்தினர் படுக்கிறார்கள். கொழுந்து வாடுவதற்கு வாய்த்த காற்றும் வெளிச்சமும் மனிதருக்கும் நன்றாகவே ஒத்துப்போகின்றன.

இந்திய உதவியில் தோட்டங்களில் தனித்தனிக் காணியில் 550 சதுர அடித் தனிவீடுகள் எழும்புகின்றன. நான்கு சுவரும் தனியே நிற்பதால் நான்கிலும் ஜன்னல் வைக்கலாம். இன்னும் லயத்திலேயே இருக்கும் குடும்பங்களோ ஏராளம். கொழும்பு அலுவலகத்தில் மாட்டியிருக்கும் அதே கருவிகளை அட்டனில் ஒரு லயக் காம்பராவிலும், ஒரு புதுவீட்டிலும், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்டோரின் மேல்மாடியிலும் ஒரு வருடம் மாட்டிவைக்க வேண்டும் என்று அடுத்த கட்ட முன்மொழிவில் எழுதியிருக்கிறேன். அது நகரக் கட்டடம் இல்லையே என்று குழுவில் கேட்டார்கள். மூன்று இடத்து எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுக் காட்டுகிறேன், பிறகு பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.