பெயருக்கு முன்னே ஓர் எழுத்து

சென்ற ஆகஸ்டில் இலண்டனிலிருந்து என் மகள் தன் பிள்ளைகளுடன் மஞ்சக்குட்டைக்கு வந்திருந்தாள். ஏற்காட்டுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். எங்கள் ஊர்வரை வருவோர் குறைவு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர, அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள் நிற்கும். மாலையானால் மூடுபனி வாசல்வரை வந்துவிடும்.

அன்று அஸர் தொழுகைக்காக ஒளு செய்துகொண்டிருந்தேன். திண்ணையில் பேரன் இல்யாஸ் கிதார் வாசித்துக்கொண்டிருந்தான். பதினான்கு வயது. அவனைச் சுற்றி அக்கம்பக்கத்துப் பையன்கள். அவர்களில் ஒருவன், "ஏ.ஆர். ரஹ்மான் உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டான். இல்யாஸ் தன் உடைந்த தமிழில் தயங்காமல், "ஆமாம், எங்கள் மாமாதான்" என்றான்.

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

தொழுதுவிட்டு வந்து அவனை அழைத்து உட்காரவைத்தேன். "ஏனப்பா பொய் சொன்னாய்?" என்றேன். அவன் வெட்கப்படவில்லை. "நன்னா, என் பெயரிலும் ரஹ்மான் இருக்கிறதே! பள்ளியில் இசை ஆசிரியரே கேட்டார். விளையாட்டாக ஆமாம் என்றேன். குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் தெருக் கடைக்காரர், மேயருக்கு நீங்கள் என்ன உறவு என்பார். அவரிடமும் ஆமாம் என்பேன், மிட்டாய் கொடுப்பார்" என்றான்.

அவர்கள் வசிப்பது கிழக்கு இலண்டனில் டவர் ஹேம்லெட்ஸ் என்னும் நகராட்சிப் பகுதி. வங்காள முஸ்லிம்கள் பெருந்திரளாக வாழும் இடம். 2010-இல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் மேயராக அங்கே வந்தவர் லுத்ஃபுர் ரஹ்மான். 2014-இல் மறுபடியும் வென்றார். 2015-இல் தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றியைச் செல்லாதென்று தீர்ப்பளித்து அவரைப் பதவியிலிருந்து விலக்கியது. 2022-இல் மீண்டும் நின்று வென்றார். எனவே அத்தெருக்களில் ரஹ்மான் என்ற சொல்லுக்குத் தனி மதிப்பும் உண்டு, தனி விவாதமும் உண்டு.

இசையுலகத்து ரஹ்மானைப் பற்றி நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் திரைக்கு வருமுன் சென்னையில் ராக் இசைக் குழுக்களில் விசைப்பலகை வாசித்தவர் என்பது பலருக்குத் தெரியாது. ரூட்ஸ் என்ற குழுவில் சிவமணி, ஜான் ஆண்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோருடன் வாசித்தார். நெமஸிஸ் அவென்யூ என்று தாமும் ஒரு குழு தொடங்கினார். பின்னர் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மிக் ஜாகருடன் சூப்பர்ஹெவி என்ற ராக் குழுவிலும் சேர்ந்தார். பேரன் அந்த இசைத்தட்டைப் பற்றி என்னிடம் அரைமணி நேரம் பேசினான். எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான்.

ஒரு ரஹ்மான் ராக் மேடையில், இன்னொரு ரஹ்மான் நகரமன்றத்தில். இருவருக்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை. இது குடும்பப் பெயரே அன்று. ரஹ்மான் என்பது அளவற்ற அருளாளனாகிய அல்லாஹ்வுக்கே உரிய திருநாமம். மனிதனுக்கு வைக்கும்போது அப்துர் ரஹ்மான், அதாவது ரஹ்மானின் அடிமை என்று சேர்த்தே வைப்போம். அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் ஆகிய இரு பெயர்களும் அல்லாஹ்வுக்கு மிக உவப்பானவை என்பது நபி (ஸல்) அவர்களின் வாக்கு. லுத்ஃபுர் ரஹ்மான் என்றால் ரஹ்மானின் கனிவு. இரண்டிலும் பின்பாதியை மட்டும் வெட்டியெடுத்து, இதுவே குடும்பம் என்று எழுதியது விண்ணப்பப் படிவத்தின் கைங்கரியம்.

வெள்ளையரின் வழக்கம் வேறு. எங்கள் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தவர் என்று இன்றும் சொல்லப்படுபவர் 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த எம்.டி. கோபர்ன். கனடா நாட்டில் கிதார் வாசித்துப் பாடிப் புகழ்பெற்ற புரூஸ் கோபர்ன் என்பவர் இருக்கிறார் என்று மருமகன் ஒருமுறை சொன்னார். எழுதினால் காக்பர்ன் என்று வருமாம், ஒலிப்பது கோபர்ன். அப்பெயர் ஸ்காட்லாந்தில் ஓர் இடத்தின் பெயரிலிருந்து வந்தது. கலெக்டருக்கும் பாடகருக்கும் உறவுண்டா என்பது வேறு கேள்வி. மூலத்தில் ஒரே மண்ணாவது இருக்கும். நம்மவரிடையே அதுகூடக் கிடையாது. நமக்குள்ளது தலைப்பெழுத்து. தகப்பனின் முதலெழுத்து மகனுக்கு முன்னே நிற்கும். பேரனுக்கு முன்னே வேறெழுத்து வந்துவிடும். இசையமைப்பாளர் ரஹ்மான் வீட்டில் அது தங்கிவிட்டது: சகோதரி ஏ.ஆர். ரெய்ஹானா, மகன் ஏ.ஆர். அமீன். மகள் கதீஜாவோ ரஹ்மான் என்பதைப் பின்னால் வைத்துக்கொண்டார். ஒரே வீட்டில் இரண்டு வழக்கமும் இருக்கின்றன.

என் மகள் கடவுச்சீட்டு எடுத்தபோது, குடும்பப் பெயருக்குரிய கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் நின்றோம். எழுதிக்கொடுத்தவர் என் பெயரின் பின்பாதியை எழுதிவிட்டார். மருமகனின் கடவுச்சீட்டிலோ அக்கட்டம் வெறுமை. வளைகுடாவில் பிள்ளைகள் உள்ள வீட்டார்க்கு இந்தத் தொல்லை தெரியும். 2022 நவம்பரில் ஒற்றைப் பெயருள்ள சுற்றுலா விசாக்காரர்களை அனுமதியோம் என்று அமீரகம் அறிவித்தபோது எத்தனை குடும்பங்கள் கலங்கின! பேரன் பிறந்தபோது தாயின் கட்டத்திலிருந்ததே அவனுக்கும் குடும்பப் பெயராயிற்று.

இவ்வளவையும் அவனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டான். "ஆனால் யாருக்கும் நஷ்டமில்லையே நன்னா?" என்றான்.

அந்தக் கேள்விக்குப் பின் நான் சொன்னது என் மனைவிக்கும் முழுமையாகத் தெரியாத கதை. இப்போது எழுதியே விடுகிறேன்.

அப்போது நாங்கள் மலையில் இல்லை. சேலத்தை அடுத்த ஒரு பேரூராட்சியில் குடியிருந்தோம். பத்தாண்டுகளுக்குப் பின் 1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் மு. அப்துர் ரஹ்மான் என்பவர் நின்றார். தையற்கடை வைத்திருந்தவர். தெருக்குழாய்க்கு மனு, விதவைகளுக்கு மனு, எல்லாம் அவர் கடையில்தான் எழுதப்படும். காசு வாங்கமாட்டார். வெல்வார் என்று எல்லாரும் சொன்னார்கள்.

ஓர் இரவு இஷாவுக்குப் பின் இருவர் என்னைத் தேடி வந்தனர். மிளகு வியாபாரத்தில் நான் கடன்பட்டிருந்த காலம். "நீங்கள் வாக்குக் கேட்க வரவேண்டாம். வெளியே தலைகாட்டவும் வேண்டாம். பெயரை மட்டும் கொடுங்கள், போதும்" என்றார்கள். டெபாசிட்டை அவர்களே கட்டுவார்கள். என் கடனிலும் ஒரு பகுதி தீர்ந்துபோகும். நானும் அப்துர் ரஹ்மான். தலைப்பெழுத்து மட்டும் கா. கையெழுத்திட்டேன்.

இது நான் கண்டுபிடித்த தந்திரமன்று. 2024 மக்களவைத் தேர்தலில் இராமநாதபுரத்தில் முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது அதே பெயரில் வேறு சிலரும் நின்றதை எல்லாரும் படித்திருப்பீர்கள். இக்குழப்பத்தைக் குறைக்கவே 2015 முதல் தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளரின் படத்தையும் ஒட்டுகிறது. அன்றைக்குப் படமில்லை. பெயரும் சின்னமும் மட்டுமே.

அவர் 14 வாக்குகளில் தோற்றார். ஒருவரிடமும் வாக்குக் கேட்காத எனக்கு 37 வாக்குகள் விழுந்திருந்தன.

அடுத்த ஜும்ஆவில் அவர் என்னைக் கண்டு ஸலாம் சொன்னார். அத்தாவுக்கு உடம்பு எப்படி என்று விசாரித்தார். அன்று வீட்டுக்கு வந்தபோது என் அத்தா என்னை அழைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: "அப்துர் ரஹ்மான் உன் பெயர், கொடுத்தாய். முன்னாலிருக்கும் எழுத்து என்னுடையதாயிற்றே, அதையும் சேர்த்தா கொடுத்தாய்?" அதன்பின் அதைப் பற்றிப் பேசவேயில்லை. 1998-இல் அவர்கள் வஃபாத்தானார்கள். அவ்வாண்டே நான் மஞ்சக்குட்டைக்கு வந்துவிட்டேன். குளிர்ந்த காற்றுக்காக வந்தேன் என்றே எல்லாரிடமும் சொல்லிவந்தேன்.

2011-இல் ஒருநாள் பஜ்ருக்குப் பின் தொலைபேசி மணி ஒலித்தது. எடுத்தால் என் தங்கை. என் குரலைக் கேட்டதும் ஓவென்று அழுதாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அப்துர் ரஹ்மான் மவுத்தாகிவிட்டார் என்று அறிவித்திருக்கிறார்கள். முன்னெழுத்து அவள் காதில் விழவில்லை. நான்தான் என்று பதறிவிட்டாள். அதற்குள் எங்கள் பழைய வீட்டு வாசலில் நாலைந்து பேர் கூடியும்விட்டார்களாம்.

முதல் பேருந்தில் இறங்கிப் போய் ஜனாஸா தொழுகையில் கடைசி வரிசையில் நின்றேன். சில வாரங்கள் கழித்து அவருடைய மகனைத் தையற்கடையில் சந்தித்து நடந்ததைச் சொன்னேன். அவர் துணியிலிருந்து கத்தரியை எடுத்து ஓரமாக வைத்தார். "தெரியும் மாமு. வேட்பாளர் பட்டியல் வந்த அன்றே எங்கள் அத்தா உங்கள் அத்தாவைப் பார்க்கப் போனார்கள். விலகச் சொல்லும்படி கேட்கத்தான் போனார்கள். முகத்தைப் பார்த்ததும் கேட்க மனம் வரவில்லையாம். தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்" என்றார். நான் மாப்புக் கேட்டேன். "அது அத்தாவிடம் கேட்க வேண்டியதல்லவா? நான் எப்படித் தருவேன்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை.

இல்யாஸ் வெகுநேரம் பேசாமலிருந்தான். பிறகு, "அந்த 37 பேரும் அவருக்கே போட்டதாக நினைத்திருப்பார்கள், இல்லையா நன்னா?" என்றான். ஆமாம் என்றேன்.

மறுநாள் மாலை பையன்கள் வந்தபோது நான் உள்ளே இருந்தேன். "ரஹ்மான் எங்கள் நன்னாவின் பெயர். அவர் பாடமாட்டார், மிளகு விற்கிறார்" என்று அவன் சொன்னது கேட்டது. அவர்கள் சிரித்தார்கள். கிதார் தொடர்ந்தது.

புறப்படும் நாளன்று கிதார் பெட்டியின் சீட்டில் தன் பெயரைத் தமிழில் எழுத விரும்பினான். மருமகன் பெயர் சுலைமான். சு என்ற எழுத்தை அவன் தாய் மூன்றுமுறை எழுதிக்காட்ட வேண்டியிருந்தது. சு. இல்யாஸ் என்று கோணல்மாணலாக எழுதினான். அதன்கீழ் ஆங்கிலத்தில் முன்பே இருந்த ரஹ்மானை அழிக்கவில்லை. விமான நிலையத்தில் அதைத்தான் கேட்பார்களாம்.